முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: அம்மா படுத்துத் தூங்கி 9 நாள் ஆகிறது

கடல்காகம் | பிப்ரவரி 18, இரவு 11:52

வணக்கம். ஊர் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 58 வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து மதுரையில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தார்கள். மறுபடி கடலில் மூழ்கிப் பாசி எடுக்கவும் போனார்கள். ஐப்பசியில் முதுகுவலி தொடங்கியது. "பாசிக்குப் போறவளுக்கு முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்" என்று அவர்களே சிரித்ததால் நாங்களும் விட்டுவிட்டோம். தைலம் தேய்த்தோம், பக்கத்து கிளினிக்கில் தினம் ஒரு ஊசி. மூன்று மாதம் இப்படியே போனது. யாரும் பழைய ஃபைலைக் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

போன வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முதுகெலும்பில் டி8 (நடுமுதுகு), எல்1 (இடுப்புக்குக் கொஞ்சம் மேலே) இரண்டு எலும்பிலும் பரவியிருக்கிறது என்றார்கள்.

இப்போது பிரச்சினை ராத்திரிதான். படுத்தால் வலி கூடுகிறது. மூன்று மீன் பெட்டியை அடுக்கி, மேலே தலையணை வைத்து, அதில் சாய்ந்தபடி உட்கார்ந்தே விடிகிறது. டாக்டர் மார்பின் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். மாமா (அம்மாவின் தம்பி) "அது சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிறது, வீட்டுக்குள்ள விடாதே" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கதிர்வீச்சும் கொடுக்கலாம் என்கிறார்கள். எதை முதலில் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா | பிப்ரவரி 19, காலை 5:41

தம்பி, பஜ்ர் தொழுதுவிட்டு போனை எடுத்தால் உங்கள் பதிவு. எங்கள் வாப்பாவுக்கும் இதே கதைதான். அவருக்கு புராஸ்டேட்டில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்தது.

ஒன்று சொல்கிறேன். முதுகுவலி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே வலி இல்லை. வாப்பாவைப் பார்த்த டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். படுத்தால், ராத்திரியில் கூடுகிறதா? எழுந்திருக்கும்போதும் திரும்பும்போதும் சுளீரென்று குத்துகிறதா? முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல முன்னால் வருகிறதா? முதலாவது எலும்புக்குள் கட்டி வளர்வதால் வருவது, அதற்குக் கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் கேட்கும். இரண்டாவது எலும்பு தாங்குசக்தி இழந்ததால் வருவது, அதற்கு பெல்ட், எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்துவது, சில பேருக்கு ஆபரேஷன். மூன்றாவது நரம்பு நசுங்குவது. அதற்கு மார்பின் மட்டும் போட்டால் அரைகுறையாகத்தான் கேட்கும், ப்ரீகாபலின் மாதிரி நரம்பு மாத்திரையும் சேர்க்க வேண்டும். வாப்பாவுக்கு மூன்றும் இருந்தது. அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம்.

சாயல்குடி கருப்பட்டி | பிப்ரவரி 19, காலை 9:15

தம்பி தப்பா நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் எண்ணெய் போட்டு நீவி விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். மரத்திலிருந்து விழுந்த பனையேறிகளையே நிமிர்த்தியவர். ஒரு தடவை காட்டலாமே?

மதுரை லீனாக் | பிப்ரவரி 19, மதியம் 1:30

அண்ணே, அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், இந்த முதுகில் மட்டும் கை வைக்கக் கூடாது. கட்டி அரித்த எலும்பு கரையான் அரித்த உத்திரம் மாதிரி. வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே மாவு. அழுத்தி நீவினால் நொறுங்கி, துண்டு பின்னால் தள்ளித் தண்டுவடத்தை நசுக்கலாம். நடந்து வந்தவர் எழுந்திருக்க முடியாமல் போய்விடுவார்.

நான் கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, தினம் மெஷினில் படுக்க வைக்கிறவன். வலிக்காகக் கொடுக்கும் கதிர்வீச்சு, நோயைக் குணமாக்கக் கொடுப்பதைப் போல 5, 6 வாரம் இழுக்காது. 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஒரே நாளில் கொடுத்து அனுப்பும் முறை இருக்கிறது. 5 நாளில் 20 கிரே, 10 நாளில் 30 கிரே என்றும் கொடுப்பார்கள். வலி குறைவதில் ஒரு நாள் முறைக்கும் பத்து நாள் முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். ஒரு நாள் முறையில் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டி வருவது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பாம்பனிலிருந்து மதுரைக்குப் போக மட்டும் 150 கி.மீ.க்கு மேல். அந்த முதுகை வைத்துக்கொண்டு பத்து நாள் அலைவதா, ஒரு நாளா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தண்டுவடம் நசுங்கியிருந்தால் கணக்கு வேறு, அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. கதிர்வீச்சு கொடுத்த அன்றே வலி போகாது. 2 வாரத்திலிருந்து 4 வாரம் வரை பிடிக்கும். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு நல்ல பலன் தெரிகிறது. அதுவரை தாக்குப்பிடிக்க மாத்திரை வேண்டும். அதனால் "எதை முதலில்" என்று கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்துதான்.

தேவிபட்டினத்தான் | பிப்ரவரி 19, இரவு 8:03

எல்லோரும் மார்பினுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். என் மனைவிக்குத் தொடங்கிய மூன்றாம் நாள் போய்விட்டாள். அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தத் தம்பியின் மாமா சொல்வதில் தப்பில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வீடுதேடி நர்ஸ் | பிப்ரவரி 19, இரவு 10:20

தேவிபட்டினத்து அண்ணே, உங்கள் வலியோடு நான் வாதாட வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா? தொடங்குவதற்கு முன்னால் அக்கா எத்தனை நாளாகச் சாப்பிடாமல் இருந்தார்கள்? நம் பக்கம் மார்பினைக் கடைசி வாரத்தில்தான் கையில் எடுக்கிறார்கள். கடைசியில் கொடுப்பதால் அது கடைசி மருந்து என்று பெயர் வாங்கிவிட்டது. வீடு பற்றி எரியும்போது வந்த தீயணைப்பு வண்டியைப் பார்த்து, இது வந்ததால்தான் எரிந்தது என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது அதன் நிலைமை.

கடல்காகம் தம்பிக்கு: நான் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் நோய் ஆதரவு நர்ஸ். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து இந்த வேலை ஊருக்குக் கொஞ்சம் தெரியவந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அம்மாவின் பெயரைப் பதிந்து வையுங்கள், எங்களைப் போல ஒருவர் வீட்டுக்கே வருவார். இயன்முறை சிகிச்சையாளரும் வருவார்.

மார்பின் மாத்திரையை வலி வந்தபின் தருவது தப்பு. சாதா மாத்திரை 4 மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துத் தர வேண்டும். ஒரு வேளைக்கு 5 அல்லது 10 மி.கி. என்று டாக்டர் தொடங்குவார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு தரச் சொல்வார்கள், நடுராத்திரி எழுப்ப வேண்டாமே என்று. நடுவில் வலி பீறிட்டு வந்தால் கூடுதலாக ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள். அதைக் கொடுத்தால் எழுதி வையுங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக வரும். அதில் பாதி, பல நாள் தூங்காத உடம்பு கடனை அடைக்கிறது. குமட்டலும் சில நாளில் போய்விடும். போகாதது மலச்சிக்கல் மட்டும்தான். அதற்கு முதல் நாளிலிருந்தே மாத்திரை வேண்டும். வாழைப்பழம் போதாது. இசப்கோலும் வேண்டாம், தண்ணீர் அதிகம் குடிக்காதவர்களுக்கு அது உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

கூப்பிட்டாலும் தட்டினாலும் எழாத மயக்கம், மூச்சு ரொம்ப மெதுவாக விடுவது, இப்படி இருந்தால் அடுத்த வேளையைத் தராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்பின் உடம்பில் தேங்கும், அதனால் தினம் போட்ட அந்த ஊசி என்ன என்று பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்றால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் எதையும் தொடங்க விடாதீர்கள்.

நடத்துநர் | பிப்ரவரி 19, இரவு 10:45

இங்கே படித்த அளவை வைத்து யாரும் தாங்களாக மருந்து தொடங்கவோ கூட்டவோ வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

மருந்துக்கடை | பிப்ரவரி 20, காலை 11:10

ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருவராவது மார்பின் சீட்டோடு வந்து, இல்லை என்றதும் என்னை ஏதோ பதுக்கி வைத்தவன் மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதனால் சொல்கிறேன். சாதாரணக் கடையில் கிடைக்காது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் கெடுபிடி அவ்வளவு, ஒரு பாட்டில் வாங்க ஆஸ்பத்திரிகளே பல உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் வாங்கி வைத்துக் கொடுக்கலாம் என்று எளிதாக்கினார்கள். ஆகவே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். நோயாளியை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, முதலில் ஒருமுறை பார்த்தபின் சீட்டு, அடையாள அட்டையோடு வீட்டு ஆள் போனால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

கொடுமை என்னவென்றால், குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா காய்க்கும் அதே செடியின் பால்தான் இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு அனுமதியோடு பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலையே இருக்கிறது. விளைவிக்கிற நாட்டில் இருந்துகொண்டு பாம்பன்காரர் மீன் பெட்டியில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்.

ஒட்டும் பிளாஸ்திரி (ஃபென்டனில்) பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது தோலில் ஒட்டி 3 நாளைக்கு ஒருமுறை மாற்றுவது. ஒட்டிய அரை நாள் கழித்துத்தான் வேலை தொடங்கும். அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது, சூட்டில் மருந்து மளமளவென்று இறங்கிவிடும். தகரக் கூரை வீடுகளில் சித்திரை வெயில் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்து.

கடல்காகம் | பிப்ரவரி 26, இரவு 10:35

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னது சரி, அது டைக்ளோஃபெனாக்தான். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது, ஊசியை நிறுத்திவிட்டார்கள். நாலு நாளைக்கு முன் 5 மி.கி. தொடங்கினோம். மதுரையில் கதிர்வீச்சுக்கு மார்ச் 12 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நேரம் பார்ப்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை. காலை 6-க்கு மாதா கோவில் மணி. மாலை 6-க்கும் அதே மணி. மீதிக்குத்தான் போனில் அலாரம். தங்கச்சியின் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறோம். பத்துக்கு எத்தனை மார்க் வலி என்று கேட்டால் அம்மாவுக்குப் புரியவில்லை. "ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குது" என்றதும் பட்டென்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் எண்பது காசு. நேற்று ஐம்பது. இன்று அறுபது, ஏனென்றால் அம்மாவே எழுந்து அடுப்படிக்குப் போய் மீன் குழம்பில் புளி போதவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள்.

மாமா இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது அம்மா சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு சந்தேகம். தொடர்ந்து போட்டால் அடிமையாகிவிடுவார்களா?

வீடுதேடி நர்ஸ் | பிப்ரவரி 27, காலை 7:02

உடம்பு பழகிக்கொள்ளும், அதனால் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆனால் அது வேறு, போதைக்கு ஏங்கிக் கடன் வாங்கித் திருடி அலைவது வேறு. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் எடுப்பவர்களில் அந்த இரண்டாவது வகையை நான் பார்த்ததே அபூர்வம். கதிர்வீச்சு கேட்டு வலி குறைந்தால் மாத்திரையும் குறையும்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? பிறகு, 12 மணி நேர மாத்திரைக்கு மாற்றினால் அதைப் பொடித்துக் கஞ்சியில் கலக்காதீர்கள், மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

கீழக்கரை லாத்தா | பிப்ரவரி 27, மதியம் 3:20

எலும்புக்கு ஜோலெட்ரானிக் என்று ஒரு டிரிப் போடுவார்கள், கால் மணி நேரம்தான். எலும்பு மேலும் அரிக்காமல் பிடித்து வைக்கும், வலியும் கொஞ்சம் மட்டுப்படும். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாப்பாவுக்குச் சொத்தைப்பல் இரண்டைப் பிடுங்கி, ஆறிய பிறகுதான் போட்டார்கள். போட்டபின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாமாம். சிறுநீரகமும் பார்ப்பார்கள்.

அப்புறம், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எங்களிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். போனோம். வாப்பாவுக்கு மனசு லேசானது உண்மை. மாத்திரை டப்பா என் கைப்பையில் இருந்தது. போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் ஓரியூர் கோவிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ கூட்டிப்போங்கள், ஆனால் முதலில் டாக்டரிடம் பயணத்துக்கு முதுகு தாங்குமா என்று கேட்டுக்கொண்டு.

கடல்காகம் | மார்ச் 5, இரவு 9:08

அவசரம். இன்று காலையிலிருந்து அம்மாவுக்கு வலது கால் "நூல் மாதிரி" இருக்கிறது என்கிறார்கள். பாத்ரூம் போகும்போது செருப்பு கழன்றது தெரியவே இல்லை. விலாவைச் சுற்றி இறுக்கம் இரண்டு நாளாகவே உண்டு. சிறுநீர் வருவது போல் இருக்கிறது, வரவில்லை என்கிறார்கள். படுத்து எழுந்தால் சரியாகுமா, 12-ம் தேதிதான் கதிர்வீச்சு இருக்கிறதே?

மதுரை லீனாக் | மார்ச் 5, இரவு 9:14

விடியக் காத்திருக்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள். தண்டுவடம் நசுங்குகிறது போலிருக்கிறது. இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சிகிச்சை தொடங்கும்போது நடக்கிறவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுக்க விழுந்தபின் வந்தால் திரும்ப நடப்பவர்கள் குறைவு.

வீடுதேடி நர்ஸ் | மார்ச் 5, இரவு 9:16

108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோ வேண்டாம், உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். மட்டமாகப் படுக்க வைத்து, தலை, தோள், இடுப்பு, கால் நாலும் ஒரே நேரத்தில் உருளுகிற மாதிரி மூன்று பேர் சேர்ந்து திருப்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கக் கூடாது. படுத்தால் வலிக்கும் என்பார்கள், வண்டி வருமுன் அவர்களுக்கு அனுமதித்த அந்தக் கூடுதல் மார்பின் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். போனதும் "மார்புப் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியது, கால் இன்று காலையிலிருந்து பலமில்லை, சிறுநீர் நிற்கிறது" என்று இந்த ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். பழைய எம்.ஆர்.ஐ. படம், நோட்டு, மாத்திரை மூன்றும் கையில்.

கடல்காகம் | மார்ச் 5, இரவு 9:31

வண்டி வருகிறது. மாமாதான் தூக்குவதற்கு வள்ளத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

கடல்காகம் | மார்ச் 9, மாலை 4:40

மதுரையிலிருந்து எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் முதலில் பார்த்த டாக்டர் உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, சிறுநீர்க்குழாய் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு அனுப்பிவிட்டார். அவருக்குக் கோயில் கட்டலாம். காலையில் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டி8-ல் கட்டி பின்னால் தள்ளித் தண்டுவடத்தை அமுக்கியிருந்தது. ஆபரேஷன் டாக்டரும் பார்த்தார். வேறு இடங்களிலும் பரவியிருப்பதாலும் அம்மாவின் உடல்நிலையாலும் கதிர்வீச்சே போதும் என்று முடிவு செய்தார்கள். 5 நாளில் 20 கிரே. முதல்வர் காப்பீட்டு அட்டையில் போட்டுவிட்டார்கள், கையிலிருந்து போனது டீயும் இட்லியும்தான்.

கால் மோசமாகவில்லை. பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் கதிர்வீச்சுக்குப் பிறகு வலி பயங்கரமாகக் கூடிவிட்டது, தொண்ணூறு காசு. தப்பாகக் கொடுத்துவிட்டார்களா?

மதுரை லீனாக் | மார்ச் 9, மாலை 6:12

இல்லை தம்பி, சிலருக்கு அப்படித்தான். முதல் சில நாளில் கட்டியும் சுற்றியுள்ள சதையும் வீங்கி வலி ஒரு சுற்றுக் கூடி, பிறகு இறங்கும். மூன்று பேரில் ஒருவருக்காவது வருவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு ஏற்கெனவே போகிறது. வார்டில் சொல்லி மார்பின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் விட்டது எங்கள் ஆட்கள் தப்பு, நானும்தான், மேலே அவ்வளவு நீளமாக எழுதி இதை விட்டுவிட்டேன்.

சாயல்குடி கருப்பட்டி | மார்ச் 9, இரவு 7:50

நான் நீவச் சொன்னதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அம்மாவுக்குக் கொஞ்சம் கருப்பட்டி அனுப்புகிறேன், சுக்குக் காப்பிக்கு. முகவரி தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

வீடுதேடி நர்ஸ் | மார்ச் 9, இரவு 8:05

கருப்பட்டியா! ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறும் அண்ணே. சர்க்கரை பார்த்த பிறகு கொடுக்கட்டும். ஸ்டீராய்டைக் காலையில் சாப்பாட்டோடு தர வேண்டும், சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

கடல்காகம் | மார்ச் 24, இரவு 11:30

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சிறுநீர்க்குழாய் எடுத்தாகிவிட்டது. மார்பின் இப்போது ஒரு வேளைக்கு 10 மி.கி., இரவு 20, ஆக நாளைக்கு 60. பகலில் முப்பது காசு. நரம்புக்கும் ஒரு மாத்திரை இரவில். நார்க்கட்டில் குழி விழுகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, மாமா பலகைக் கட்டிலும் அதன்மேல் மெத்தையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் ராத்திரி 2 மணிக்கு மட்டும் எழுபது காசு என்கிறார்கள். நோட்டைப் பார்த்தால் தினமும். அதே மருந்து, அதே உடம்பு. அந்த நேரத்தில் மட்டும் ஏன்?

வீடுதேடி நர்ஸ் | மார்ச் 25, காலை 6:30

10 மணி மாத்திரையின் வேகம் அப்போது குறைவது ஒரு காரணம், டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் இன்னொன்றும் செய்து பாருங்கள். 2 மணிக்கு விளக்குப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா யோசிக்கிறே" என்று கேளுங்கள். வலியைப் பற்றிக் கேட்காதீர்கள். லண்டனில் 1967-ல் சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைப் பார்க்கவென்றே முதல் நவீன மருத்துவமனை தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து பிறகு டாக்டரானவர், வலியில் உடம்பு ஒரு பங்குதான் என்று சொல்லித் தந்தார். மனசு, வீடு, சாமி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்றார். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்த மீதிப் பங்கு ராத்திரியில்தான் எழுந்து உட்காரும்.

கடல்காகம் | மார்ச் 27, காலை 8:15

கேட்டேன். மகளிர் குழுக் கடன் இருபத்திரண்டாயிரம் பாக்கி. அம்மா கட்டாவிட்டால் குழுவில் மற்ற பத்துப் பேர் தலையில் விழும், அதில் மூன்று பேர் அம்மாவோடு பாசிக்கு வருகிறவர்கள். எங்களிடம் சொல்லவே இல்லை. அப்புறம் இன்னொன்றும் கேட்டார்கள். "முதுகுக்கு வந்தது பழைய நோய்தானே? ஏன் என்கிட்ட மறைக்கிறீங்க?" நாங்கள் இதுவரை எலும்புத் தேய்மானம் என்றுதான் சொல்லியிருந்தோம். தங்கச்சி அழுதுவிட்டாள். அம்மா அழவில்லை.

குழுத் தலைவி அக்காவை மாமா போய்ப் பார்த்தார். மாதாமாதம் நாங்கள் கட்டுகிறோம் என்று பேசி முடித்தாயிற்று.

தேவிபட்டினத்தான் | மார்ச் 27, இரவு 9:44

நர்ஸ் அம்மா, நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் எழுத முடிகிறது. 11 நாள். பதினொரு நாள் வெறும் தண்ணீர்தான் குடித்தாள். அதற்கு முன் இரண்டு மாதம் வலியில் கத்தினாள், நான்தான் மார்பின் வேண்டாம் என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுத்தேன். அந்தக் கடைசி மூன்று நாள்தான் முகம் சுளிக்காமல் இருந்தாள்.

கீழக்கரை லாத்தா | மார்ச் 27, இரவு 10:02

தேவிபட்டினத்துக் காக்கா (அண்ணே), யார் சொல்லித் தந்தார்கள் நமக்கு. வாப்பா விஷயத்தில் நானும் ஒரு மாதம் கடத்தினேன்.

கடல்காகம் | ஏப்ரல் 20, மாலை 6:25

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் அண்ணனும் மாமாவும் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஜூன் 14 வரை ஆள் பஞ்சம் இல்லை. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு மார்பினைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், நாளைக்கு 30 மி.கி. பகலில் பத்துக் காசு, ராத்திரி இருபது. வாக்கர் பிடித்து வாசல் வேப்பமரம் வரை போகிறார்கள். முந்தாநாள் வலதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து விடியும்வரை தூங்கினார்கள். மீன் பெட்டி மூன்றையும் அண்ணன் திரும்ப எடுத்துப் போய்விட்டான்.

பாசிக்குப் போகும்போது போடும் கண்ணாடியை யார் எடுத்தது என்று இன்று காலையிலிருந்து சண்டை. தங்கச்சி அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

மாத்திரை பாதியானதால் மலச்சிக்கல் மாத்திரையையும் நேற்றிலிருந்து நிறுத்திவிட்டோம்.

வீடுதேடி நர்ஸ் | ஏப்ரல் 20, மாலை 6:40

அதை யார் நிறுத்தச் சொன்னது? மார்பின் ஒரு வேளை போகும்வரை அதுவும் போக வேண்டும். இன்று இரவே கொடுங்கள். மிச்சம் விழுந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி எழுதி, அடுத்த முறை போகும்போது வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்க வேண்டாம்.

கண்ணாடியை அரிசிப் பானையில் வைத்தால் முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான். வேறு இடம் பாருங்கள்.